ஃபயர்பாலுக்கு என்ன விலை?

ஆளுக்கொரு கதைப்பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசை விளையாட்டுகளை ஒட்டி எழுதப்படும் நாவல்களில் விளையாட்டு விதி எவ்வளவு தெரிய வேண்டும்? சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சேர்ந்து விளையாடும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஆட்டத்தை நடத்தும் அக்காவின் பதில்கள்.

அக்கா, ஒரு மந்திரத்தைச் சொல்லி முடித்ததும் மந்திரவாதிக்கு அது மறந்துபோகிறதே, ஏன்? படித்தது இப்படி மறக்குமா?
(கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி)

தம்பி, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தபோதே இந்த வழக்கமும் வந்துவிட்டது. 1950-ல் ஜாக் வான்ஸ் எழுதிய கதைகளிலிருந்து எடுத்தது. அங்கே மந்திரம் மூளையில் பாரமாக உட்கார்ந்திருக்கும், சொன்னதும் வெளியேறிவிடும். விளையாட்டுக்கு இது ரொம்பத் தோது. காலையில் எதை மனப்பாடம் செய்தாயோ, அன்றைக்கு அவ்வளவுதான். இல்லையென்றால் எல்லாச் சண்டையையும் மந்திரவாதியே முடித்துவிடுவான், வாள் பிடித்தவன் சும்மா நிற்க வேண்டியதுதான்.

கர்ண மோட்சம் கூத்து விடிய விடியப் பார்க்கிற ஊர்க்காரர்கள் நாம், இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. வேண்டிய நேரத்தில் அஸ்திரம் மறந்துபோகட்டும் என்று கர்ணனுக்குப் பரசுராமர் சாபம். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதமோ ஒரே முறைதான் பயன்படும். அர்ஜுனனுக்கென்று பத்திரப்படுத்தியதை இரவுப் போரில் கடோத்கசன் மேல் எறிய வேண்டி வந்துவிட்டது. எறிந்த கணத்திலேயே கர்ணனின் முடிவு நமக்குத் தெரிந்துவிடுகிறது. மந்திரம் தீர்ந்த மந்திரவாதியை எழுதும்போது அந்தப் பதைப்பு வாசகருக்கு வர வேண்டும்.

பாத்திரத்தின் பலத்தைக் காட்டும் லெவல், எவ்வளவு அடி தாங்கும் என்று காட்டும் ஹிட் பாயிண்ட் எல்லாம் நாவலுக்குள் சொல்லலாமா?
(ரயில்வே ஊழியர், சூரமங்கலம்)

வேண்டாம். எண் ஆடுகிறவருக்கு. வாசகருக்கு வேண்டியது விலை: இந்த மந்திரத்தைச் சொன்னால் இவன் எதை இழப்பான், நாளைக்கு எது மிச்சம் இருக்கும்? அது தெளிவாகத் தெரிந்தால் விதிப்புத்தகத்தைத் தொடாதவரும் கூடவே வருவார்.

செத்தவரைக் கிளெரிக், அதாவது தெய்வ அருளால் மந்திரம் செய்யும் பூசாரி, எழுப்பிவிடுகிறார். காயம் பட்டால் தொட்டதும் ஆறிவிடுகிறது. அப்புறம் எதற்குப் பயப்பட வேண்டும் அக்கா?
(காப்பித் தோட்டப் பணியாளர், ஏற்காடு)

இத்தனை கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். மேசையில் உயிர்ப்பிக்கும் மந்திரம் அவசியம். பல மாதம் ஆடி வளர்த்த பாத்திரம் ஒரு மோசமான பகடையில் போய்விட்டால் மனசு கேட்காது. கதைக்கோ அதுவே விஷம்.

டிராகன்லான்ஸ் என்பது இந்த விளையாட்டுக்கென்று உருவாக்கிய கற்பனை உலகம். 1984-ல் வந்த அதன் முதல் நாவலில் மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் இதைச் சமாளித்த விதத்தை நான் எல்லோருக்கும் சொல்வேன். அந்த உலகத்தில் ஒரு பேரழிவுக்குப் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தெய்வங்களின் குரலே இல்லை. ஆகவே உண்மையான கிளெரிக்கும் இல்லை, குணமாக்குதலும் இல்லை. விதியில் கைவைக்காமல், விதி வேலை செய்யத் தேவையானதை உலகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கோல்ட்மூன் என்ற பெண்ணின் கையில் இருக்கும் நீலப் படிகக் கோலால் ஒருவர் குணமாகும்போது, விளையாட்டில் தினமும் நடக்கிற காரியம் அங்கே அற்புதமாகிவிடுகிறது.

அதே நாவலின் மந்திரவாதி ரெய்ஸ்ட்லினையும் பாருங்கள். மந்திரம் சொன்னால் உடம்பு தளரும் என்று அன்றைய விதிப்புத்தகத்தில் கிடையாது. மந்திரவாதிகளின் சோதனையில் அவன் தன் ஆரோக்கியத்தை இழந்தவன், அதனால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் இருமி இருமித் துவண்டுபோகிறான். அந்த விலையை வைத்தது எழுத்தாளர்கள். அந்த உலகத்துக்கென்று 1987-ல் வந்த விதிப்புத்தகத்தில் மூன்று நிலவுகளின் வளர்பிறை தேய்பிறைக்கு ஏற்ப மந்திர பலம் கூடிக் குறைந்தது. உலகம் நன்றாக அமைந்தால் விதியும் அதன் பின்னால் வரும்.

புதுப் பதிப்பில் விதி மாறினால் பழைய நாவல்கள் என்ன ஆகும்?
(ஜவ்வரிசி ஆலை கணக்காளர், ஆத்தூர்)

இதே விளையாட்டின் இன்னொரு கற்பனை உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் இதற்காகவே பலமுறை இடிந்திருக்கிறது. 1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அசாசின், அதாவது கொலையாளி என்ற பாத்திர வகையை நீக்கினார்கள். கதையில் தெய்வங்கள் மண்ணுக்குத் தள்ளப்பட்டார்கள், மந்திரம் தாறுமாறானது, கொலையாளிகள் கூண்டோடு மடிந்தார்கள். 2008-ல் நான்காம் பதிப்பு மனப்பாட முறையைப் பெரும்பாலும் கைவிட்டது. அதற்கு மந்திர தேவதையே கொல்லப்பட்டு, கதை சுமார் நூறு ஆண்டு முன்னே தாவியது. முதலாவது எனக்குச் சம்மதம், ஏனென்றால் தெய்வங்களுக்கே அதில் கஷ்டம் இருந்தது. இரண்டாவது கொடுமை. வாசகர் வருஷக்கணக்காகக் கூட நடந்த மனிதர்களை விதிப்புத்தகத்துக்காக ஒரே தாவலில் கிழவர்களாகவோ பிணங்களாகவோ ஆக்கக் கூடாது.

நம் ஆட்டத்தையே கதையாக எழுதுகிறேன். சுண்ணாம்புக்கரட்டு மேக்னசைட் சுரங்கத்தில் நாயகி ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தை விடுகிறாள். விதிப்படி தப்பு என்கிறான் தம்பி. தப்பா அக்கா?
(பட்டுத்தறி வீட்டுப் பெண், அம்மாபேட்டை)

எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்ததுமா. இப்போதைய விதியில் அது 20 அடி ஆரமுள்ள நெருப்புக் கோளம், அவ்வளவோடு நிற்கும். பழைய பதிப்புகளில் ஏறக்குறைய 33,000 கன அடி இடத்தை நிரப்பியே தீரும். பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள சுரங்கப்பாதை என்றால் கணக்குப் போடு: 330 அடி நீளத்துக்கு நெருப்பு ஓடும். நடுவில் வெடித்தால் இரண்டு பக்கமும் 165 அடி. உன் நாயகி நூறு அடி தள்ளி நின்றாலும் வெந்துபோவாள். கதைக்குப் பழைய விதியையே எடுத்துக்கொள். அவள் முதலில் தூரத்தை மனசுக்குள் அளந்து பார்க்க வேண்டியிருக்கும், அதுவே உனக்கு ஒரு பக்கம் எழுத வரும்.

நம் சுரங்கங்கள் திறந்தவெளிப் பள்ளங்கள், குகையை நீ கற்பனையில்தான் வெட்ட வேண்டும். மண்ணை மட்டும் அப்படியே வைத்துக்கொள். மேக்னசைட்டைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், மிஞ்சுவது உலைக்குள் பதிக்கும் தீச்செங்கலுக்குப் போகும். மந்திர நெருப்பு பாறையைச் சுடும் அளவுக்கு நீடித்தால், நெருப்புக்குத் தப்பியவர்களுக்கும் மூச்சு முட்டும். இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. தம்பியிடம் இதைச் சொல்லிவிட்டு, அந்தக் காட்சியை எழுதி எனக்கு அனுப்பு.