சவலைக் குட்டிக்குப் பால் பருக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் பூனை ஐந்து குட்டி போட்டு இன்றோடு ஐந்து நாள். நான்கு நன்றாக இருக்கின்றன. ஒன்று மட்டும் 85 கிராம்தான். மற்றவை அதைத் தள்ளிவிட்டுக் குடிக்கின்றன. பால்மாவைக் கரைத்துக் கரண்டியால் பருக்கினோம், மூக்கால் வந்துவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் கரண்டியை எடுத்து வையுங்கள். பால்மாவையும்தான். பசுப்பாலில் பூனைக்குட்டிக்கு வேண்டிய அளவு புரதமும் கொழுப்பும் இல்லை, லக்ரோஸ் என்ற பால்சர்க்கரை மட்டும் தாராளம், வயிற்றால் போகும். இந்த எடைக்கு ஒரு நாள் வயிற்றோட்டமே ஆபத்து.

பாலுக்கு முன் குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஒரு துளியும் கொடுக்கக் கூடாது. உடல் வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் குடல் வேலை செய்யாது. பால் இரைப்பையிலேயே கிடந்து, மேலே வந்து, நுரையீரலுக்குள் போகும். கொழும்பு வெக்கையில் குளிரா என்று கேட்பீர்கள். முதல் வாரத்தில் குட்டி கிடக்கும் இடம் 30–32 பாகை இருக்க வேண்டும். மின்விசிறி சுழலும் அறையில், மழை இரவில், ஓரமாகத் தள்ளப்பட்ட குட்டிக்கு அது கிடைக்காது. போத்தலில் சுடுதண்ணீர் விட்டுத் துவாயால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். சூடு கூடினால் நகர்ந்துபோக மறுபக்கம் காலியாக இருக்கட்டும். அவசரப்படாதீர்கள், சூடேற ஒரு மணி நேரமாவது ஆகட்டும்.

பிறகு தாயிடமே விடுங்கள். கொழுத்த நான்கையும் 20 நிமிடம் வேறு பெட்டியில் கதகதப்பாக வைத்துவிட்டு, இதைப் பின்கால் பக்கத்துக் காம்பில் பிடித்து வையுங்கள். இரண்டு மூன்று மணிக்கொரு தடவை, இரவிலும். சப்பும் சத்தத்தை நம்பவேண்டாம், வெறும் காம்பையும் குட்டி சப்பும். கிராம் காட்டும் சமையலறைத் தராசில் குடிக்கமுன்னும் குடித்தபின்னும் நிறுங்கள். 2 கிராம் கூடினால் ஏறக்குறைய 2 மில்லிலீற்றர் உள்ளே போயிருக்கிறது. (இடையில் தாய் நக்கிச் சிறுநீர் போகவைத்தால் கணக்குப் பிழைக்கும்.)

இந்தக் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 17 மில்லிலீற்றர் வேண்டும். ஒரு வேளைக்கு 3–4க்கு மேல் வயிறு கொள்ளாது. தாயிடம் குறைந்ததை மட்டும், பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவால் நிரப்புங்கள். டின்னில் போட்ட அளவுக்கே கரையுங்கள். தடிப்பாகக் கரைத்தால் வயிறுதான் கெடும். மணிக்கட்டில் விட்டால் இளஞ்சூடாக இருக்கவேண்டும். ஊசியில்லாத 1 மில்லிலீற்றர் சிரிஞ்ச் போதும். கைக்குழந்தையைப்போல் மல்லாத்தி ஏந்துவதுதான் எல்லோரும் விடும் பிழை. குட்டி குப்புறக் கிடக்கட்டும், தலை சற்றே உயர்ந்திருக்கட்டும். ஒரு துளி விழுங்கியபின் அடுத்த துளி. முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் தடவிச் சிறுநீர் போகவையுங்கள்.

நாளுக்கு 10 கிராமாவது ஏறவேண்டும். 24 மணி நேரத்தில் ஏறவே இல்லையென்றால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மூக்கால் பால் வந்ததாகச் சொன்னீர்கள்: வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பாருங்கள். பிளவு இருந்தால் தாய்ப்பாலும் அப்படித்தான் வரும், வீட்டில் பருக்கிச் சமாளிக்க முடியாது. பிளவு இல்லையென்றால் கரண்டியின் வேலை. ஆனால் மூச்சு வேகமாகவோ சத்தத்தோடோ வந்தால் இன்றைக்கே காட்டுங்கள். முரசு (பல் ஈறு) வெளுத்திருந்தால் ரோமத்தை விலக்கித் தெள்ளு இருக்கிறதா என்று பாருங்கள். இத்தனை சிறிய உடலுக்கு அவை உறிஞ்சும் இரத்தமே பெரிய இழப்பு. இந்த வயதில் தெள்ளு மருந்து பூசக் கூடாது, நெருக்கமான சீப்பால் வாரி எடுங்கள்.