காசு கொடுத்தும் கைக்கு வராத புத்தகம்

கேள்வி: வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கிக்கொள்ளும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது என்று இன்னும் பலர் கொதிக்கிறார்கள். புத்தகம்தான் அவரவர் கணக்கில் பத்திரமாக இருக்கிறதே, எதற்கு இத்தனை கூச்சல்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கணக்கில் இருப்பது புத்தகம் அல்ல, படித்துக்கொள்ள உங்களுக்குக் கொடுத்திருக்கும் அனுமதி. கொதிப்பு அதனால்தான். அது நியாயமான கொதிப்பு.

2025 பிப்ரவரி 26 வரை, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி, யுஎஸ்பி கேபிள் வழியாக அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் ஏற்ற முடிந்தது. அந்தக் கோப்பிலும் டிஆர்எம் என்ற, நகலெடுப்பதைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு உண்டு. நீங்கள் பதிந்த கருவியில் மட்டும் திறக்கும். ஆனாலும் கோப்பு உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. கடையிலிருந்து நூலை எடுத்துவிட்டாலும் உங்கள் பிரதி உங்களிடம் இருக்கும். அந்த வழிதான் அடைபட்டது.

இது வீண் பயம் என்பவர்கள் 2009 ஜூலையை நினைத்துப் பார்க்கட்டும். ஆர்வெல்லின் ‘1984’ நாவலின் ஒரு பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அதை அழித்தது. பணம் திரும்ப வந்தது; படித்துக்கொண்டே எடுத்த குறிப்புகள், எந்த வரிக்கு எழுதியவை என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் அத்தனையும் திறக்காமல் போயின. அங்கேயும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். விற்ற பொருளை வாங்கியவர் சம்மதமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரம் ஒரு கடைக்கு எதற்கு என்பதுதான் கேள்வி.

கூச்சலுக்குப் பலனும் உண்டு. டிஸ்கவரி நிகழ்ச்சிகளை, காசு கொடுத்து வாங்கியவர்களின் கணக்கிலிருந்தும் நீக்கப்போவதாக 2023 டிசம்பரில் சோனி அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததும் அதே மாதம் பின்வாங்கியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற பொத்தானை வைக்கக் கூடாது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளும்படி கொடுத்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. நமக்கும் இப்படி ஒரு விதி வேண்டும்.

அதுவரை, பூட்டில்லாத கோப்பு எங்கே கிடைக்கிறதோ அங்கே போங்கள். தமிழ் மின்னூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலும் இருப்பவற்றை இறக்கி, இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். ஈபப் என்ற பொதுவான மின்னூல் வடிவக் கோப்பை யுஎஸ்பி வழியாக அப்படியே கிண்டிலில் போட்டால் நூலகத்தில் தெரியாது. காலிபர் மென்பொருளில், கிண்டில் திறக்கும் ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கு மாற்றி, ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரில் போட வேண்டும். பிடிஎஃப்பை மாற்றுமுன் அதில் ஒரு வரியை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தது. முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் எந்த மென்பொருளுக்குக் கொடுத்தாலும் அதே குப்பைதான் வரும்.

சொந்தமாக மின்னூல் போடும் தமிழ் எழுத்தாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அமேசானில் நூலை ஏற்றும்போது டிஆர்எம் வேண்டுமா என்று கேட்கும். திருட்டுக்குப் பயந்து பலர் ‘வேண்டும்’ என்று கொடுக்கிறார்கள். திருடுகிறவன் பக்கம் பக்கமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்தாவது பிடிஎஃப் ஆக்கிவிடுவான். பூட்டில் மாட்டுவது காசு கொடுத்த வாசகர்தான். பூட்டு வேண்டாம் என்று எழுத்தாளர் விட்ட நூல்களை, வாங்கியவர்கள் ஈபப், பிடிஎஃப் வடிவில் இறக்கிக்கொள்ள 2026 ஜனவரி 20 முதல் அமேசானே வழி செய்திருக்கிறது. ‘வேண்டாம்’ என்று கொடுங்கள்.