வெடித்த மேசையும் வாங்கவிருக்கும் இயந்திரமும்

கேள்வி: நாகப்பட்டினத்தில் இருவர் வேலை செய்யும் சிறிய தச்சுப் பட்டறை நடத்துகிறேன். கடந்த கார்த்திகையில் கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு 6 அடி நீளம், 3 அடி அகலத்தில் தேக்குச் சாப்பாட்டு மேசை செய்து கொடுத்தேன். ஐந்து பலகைகளை ஒட்டி மேற்பலகை அமைத்து, அடியில் மூன்று குறுக்குச் சட்டங்களைப் பசை தடவித் திருகாணியால் இறுக்கினேன். மாசி முடிவதற்குள் மேற்பலகையில் ஒரு முனையிலிருந்து இரண்டடி நீளத்துக்கு வெடிப்பு விழுந்துவிட்டது. வெடிப்பு ஒட்டிய இடத்தில் இல்லை, பலகையின் நடுவில் இருக்கிறது. பசையில் குறையா, மரத்தில் குறையா? பலகைகளைச் சீராக இழைத்தெடுக்கும் பெரிய இயந்திரம் ஒன்றை 2 லட்ச ரூபாய் கடனில் வாங்கினால் இத்தகைய தவறுகள் குறையுமா?

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ஒட்டிய இடம் பிரியாமல் மரமே பிளந்திருப்பதால் பசையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நல்ல தேக்குதான் என்றால் மரத்தின் மீதும் பழி இல்லை. சுருங்க விரும்பிய பலகையைச் சுருங்க விடாமல் பிடித்து வைத்ததுதான் காரணம்.

மரம் வெட்டப்பட்டு எத்தனை ஆண்டுகள் ஆனாலும், சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீரை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நீடித்தால் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 16 சதவீதத்தில் நிற்கும். 50 சதவீதமாகக் குறைந்தால் 9 சதவீதத்துக்கு இறங்கும். கடற்கரை ஊரில், அதுவும் அடைமழைக் காலத்தில் நீங்கள் செய்த மேசை முதல் நிலையில் இருந்தது. கோவையின் வறண்ட மாசிக் காற்றும் குளிரூட்டிய அறையும் அதை இரண்டாம் நிலைக்கு இழுத்தன. மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்குவதே இல்லை, அகலவாக்கில்தான் சுருங்கும். ஆண்டு வளையங்களின் போக்கில் அறுத்த தேக்குப் பலகை, ஈரம் ஒரு சதவீதம் குறையும்போது தன் அகலத்தில் சுமார் 0.19 சதவீதம் குறைகிறது. இதன்படி 3 அடி அகலப் பலகை, 7 சதவீத ஈரத்தை இழந்தால் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் குறுக வேண்டும். வளையங்களுக்குக் குறுக்காக அறுத்த பலகை இதில் பாதியளவுதான் குறுகும். அகலமான மேற்பலகைக்கு அத்தகைய பலகைகளைத் தேடி எடுப்பது நல்லது. உங்கள் குறுக்குச் சட்டங்களோ அந்தத் திசையில் நீளவாக்கில் கிடப்பதால் அவை குறுகவில்லை. மேலே உள்ளது குறுக முயல, கீழே உள்ளது விடாமல் பிடிக்க, மரம் தன் நார்களுக்கு இடையே பிளந்துகொண்டது.

நம் ஊர்ப் பழைய வீடுகளின் பலகைக் கதவுகளை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். சட்டத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம் எடுத்து, பலகையை ஆணியோ பசையோ இன்றி அதில் செருகியிருப்பார்கள். கோடையில் பலகை குறுகும்போது அதன் ஓரத்தில் வண்ணம் படாத மெல்லிய கோடு ஒன்று வெளியே தெரியும், மழையில் மறைந்துவிடும். பல தலைமுறையாக அந்தக் கதவுகள் பிளக்காமல் நிற்பதற்கு அந்த இடைவெளியே காரணம்.

அடுத்த மேசையில் அதே முறையைப் பின்பற்றுங்கள். குறுக்குச் சட்டத்துக்கும் மேற்பலகைக்கும் இடையே பசை வேண்டாம். நடுத் திருகாணியை மட்டும் இறுக்கி, ஓரத் திருகாணிகளுக்கான துளைகளை அகலவாக்கில் நீட்டி எடுத்துவிடுங்கள். கால்களை இணைக்கும் பக்கச் சட்டங்களின் உட்புறத்தில் காடி எடுத்து, சிறிய மரக்கட்டைகளின் நாக்கை அதில் செருகி, கட்டையை மேற்பலகையில் மட்டும் திருகலாம். நீளச் சட்டங்களில் அந்த நாக்கு 12 மில்லிமீட்டராவது இருக்கட்டும். மழைக்காலத்தில் பொருத்தினால் நாக்கைக் காடியின் அடிவரை தள்ளி வையுங்கள், ஏனெனில் பலகை குறுகும்போது அது வெளியே வரும். கோடையில் பொருத்தினால் இடைவெளி விடுங்கள். பாலிஷை அடிப்புறத்திலும் அதே அளவு பூச வேண்டும். அது ஈரத்தின் போக்குவரத்தை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். கடன் வாங்கி இப்போது அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஈரமான பலகையை அது கைக்கருவியைவிட வேகமாகவும் சீராகவும் இழைத்துத் தரும், பலகை மட்டும் முன்போலவே வெடிக்கும். முதலில், இரண்டு ஊசிகளைக் குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்றை வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அதன் கணக்கைச் சரிபார்க்க, பலகை முனையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு துண்டு அறுத்து எடை போட்டு, அடுப்புப் பெட்டியில் 103 டிகிரி செல்சியஸில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள். 120 கிராம் துண்டு 104 கிராமில் நின்றால், இழந்த 16 கிராமை 104-ஆல் வகுக்க, ஈரம் 15.4 சதவீதம். இரண்டாவதாக, காற்றோட்டமுள்ள ஒரு கூரை போட்டு, தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, இரண்டடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) இடையே வைத்துப் பலகைகளை அடுக்குங்கள்; வெட்டுமுனைகளில் வண்ணம் பூசிவிடுங்கள். ஓரங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. ஆனால் நாகையின் காற்றில் எத்தனை ஆண்டு வைத்தாலும் மரம் 9 சதவீதத்துக்கு இறங்காது. ஆகவே உள்நாட்டு ஊர்களுக்குச் செய்யும் வேலைக்குச் சூளையில் உலர்த்திய மரத்தை வாங்குவதே சரி. மீதிப் பணம் இருந்தால் அதற்குச் செலவிடுங்கள்.

வெடித்த மேசையைச் சீராக்கலாம். வாடிக்கையாளர் வெடிப்பில் பட்டி அடைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மழையில் பலகை விரியும்போது அந்தப் பட்டி ஆப்புபோல நின்று வெடிப்பை மேலும் நீட்டிவிடும். திருகாணிகளைக் கழற்றி, பசை பிடித்த சட்டங்களை உளியால் பிரித்து, மேற்பலகையை மூன்று வாரம் அந்த வீட்டிலேயே கட்டின்றிக் கிடக்க விடுங்கள். பிறகு வெடிப்பின் வழியே முழு நீளத்துக்கும் அறுத்து, விளிம்புகளை இழைத்து, மீண்டும் ஒட்டி கிளாம்ப் போடுங்கள். அகலம் சில மில்லிமீட்டர் குறையும் என்று வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இந்த வேலையைக் கோவையிலேயே முடிப்பது முக்கியம். நாகைக்குக் கொண்டுவந்தால், நம் ஈரக் காற்றில் வெடிப்பு தானாகவே மூடிக்கொண்டு சரியானதுபோல் தோன்றும். திரும்பிப் போன சில வாரங்களில் மறுபடி திறக்கும்.