நூர்ஸ் போதும், வாஷிங்டன் வேண்டாம்

கேள்வி: அமெரிக்கக் குடியரசின் ஆரம்ப கால அதிகாரிகள் கையெழுத்திட்ட கடிதங்களைச் சேர்க்க ஆசை. வாஷிங்டன், ஜெஃபர்சன் எல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது. வேறு யாரிடமிருந்து தொடங்கலாம்? ஏமாறாமல் வாங்குவது எப்படி?
- ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: ஜோசப் நூர்ஸில் தொடங்குங்கள். 1789 முதல் 1829 வரை கருவூலப் பதிவாளராக இருந்தவர். மனிதருக்கு வேலையே கையெழுத்துப் போடுவதுதான் என்பதால் நிறையக் கிடைக்கிறது, விலையும் அதற்கேற்றபடி குறைவு. ஆனால் பெரும்பாலும் வெறும் கணக்கு வழக்கு, படித்தால் கொட்டாவி வரும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் திமோதி பிக்கரிங்கைத் தேடுங்கள். தபால் துறைத் தலைவர், போர் அமைச்சர், வெளியுறவு அமைச்சர் என்று 1790களில் வரிசையாகப் பதவி வகித்தவர், பிரான்ஸுடன் உரசல் முற்றிய நாட்களில் வெளியுறவு அவர் கையில்தான் இருந்தது, அந்தச் சமயத்துக் கடிதம் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

பதவியை வைத்து விலையைக் கணிக்காதீர்கள். 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட பட்டன் குவினெட் மறு வருடமே துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போனார், எழுதி வைத்துவிட்டுப் போனது மிகக் கொஞ்சம். அதனால் அவர் கையெழுத்துக்கு வாஷிங்டனைவிட விலை அதிகம்!

கடிதம் ஒரு கையெழுத்திலும் அடியில் ஒப்பம் வேறு கையெழுத்திலும் இருந்தால் பயப்பட வேண்டாம். எழுதுவது குமாஸ்தா, ஒப்பமிடுவது அதிகாரி, அதுதான் அன்றைய வழக்கம். முழுவதும் அவரே எழுதியிருந்தால் விலை ஏறும். பயப்பட வேண்டியது துண்டுக் கையெழுத்துகளைப் பார்த்துத்தான், அந்தக் காலச் சேகரிப்பாளர்கள் கடிதத்திலிருந்து ஒப்பத்தை மட்டும் வெட்டி எடுத்து ஆல்பத்தில் ஒட்டுவார்கள் (என்ன பாவமோ!), ஒப்பிட்டுப் பார்க்க வேறு எழுத்தே இல்லாத அந்தத் துண்டுகளில் போலி செய்வது சுலபம். காகிதம் பழையது என்பதும் சாட்சியாகாது. 19ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் ராபர்ட் ஸ்பிரிங் என்பவர் வாஷிங்டன் கையெழுத்தைப் போலியாக எழுதி விற்றே பிழைத்தார், அவர் சரக்குக்கே இன்று நூற்றைம்பது வயதுக்கு மேல்.

வாங்கும் முன் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் (வாஷிங்டன், ஜெஃபர்சன் போன்றோர் எழுதிய, பெற்ற கடிதங்களின் தொகுப்பு) கடிதத்தின் தேதியைத் தேடிப் பாருங்கள், இலவசம்தான். அந்தக் கடிதத்தின் மூலப்பிரதி ஏதோ நூலகத்தில் இருப்பதாக அங்கே போட்டிருந்தால், விற்பவரிடம் இருப்பது என்ன என்று கேளுங்கள். போலி என்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் பணம் திரும்பத் தருவேன் என்று எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள். அப்புறம், ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டுவதாக இருந்தால் நகலை மாட்டுங்கள், வெளிச்சத்தில் அந்தக் கால மை மங்கிவிடும்.