அழைப்பிதழில் கூட்டெழுத்து: எங்கே, எவ்வளவு?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகளின் கல்யாண அழைப்புக் காட்டில் ஆங்கிலம் முழுவதையும் கூட்டெழுத்தில், அதுவும் பெரிய (கப்பிட்டல்) எழுத்துகளில் போட்டிருக்கிறார்கள். தமிழையும் அதுபோல் சரித்து வைத்திருக்கிறார்கள். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மாமியால் வாசிக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?"

மாமி சொல்வதைக் கேளுங்கள். காட்டைக் கையில் வாங்கப்போகிறவர்களில் பாதிப்பேர் அவர் வயதுக்காரர்.

ஒன்றோடொன்று கோத்து எழுதும் ஆங்கிலக் கூட்டெழுத்து இறகுப் பேனாவின் கையெழுத்திலிருந்து வந்தது. லண்டன் எழுத்தாசான் சார்ள்ஸ் ஸ்னெல்லின் கையெழுத்தை வைத்து மத்தியூ கார்ட்டர் 1960களில் அமைத்த 'ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்' எழுத்துரு இதற்கு நல்ல உதாரணம். அதில் பெரிய எழுத்து சொல்லின் தலையில் ஒன்றே ஒன்றாக நிற்கும். பின்னால் சின்ன எழுத்துகள் கைகோத்து வரும். முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் அடித்தால் சுழிகள் ஒன்றோடொன்று முட்டும். ஐ எது, ஜே எது என்று தெரியாது. எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டினாலும் கோத்த கை அறுந்துவிடும். எனவே மணமக்கள் பெயர் இரண்டுக்கு மட்டும் கூட்டெழுத்து, முதலெழுத்து மட்டும் பெரிது. திகதி, நேரம், மண்டபம், தொலைபேசி எண் எல்லாம் சாதாரண எழுத்தில்.

பொன்நிறப் பூச்சு என்றால் இன்னும் கவனம். நான் வடிவமைத்த ஒரு காட்டில் மயிரிழைக் கோடுகளில் பூச்சுப் பிடிக்காமல் மணமகள் பெயர் துண்டு துண்டாக வந்தது. 200 காட்டையும் திரும்ப அடித்தோம். இப்போது பூச்சு எழுத்தை 24 புள்ளி அளவுக்குக் குறைவாக நான் விடுவதில்லை.

தமிழுக்கு வருவோம். நம் எழுத்தில் பெரியது சின்னது இல்லை, ஒன்றோடொன்று கோக்கும் வழக்கமும் இல்லை. ஓலையில் வளைந்த வடிவம் அது. கணினியில் இழுத்துச் சரித்தால் அந்த வளைவு நசுங்கும். சரிவு வேண்டுமானால் சரிவாகவே வரைந்த எழுத்துருவைக் கேளுங்கள்: இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' இலவசமாகவே கிடைக்கிறது. அதுவும் பெயருக்கு மட்டும். வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விடச் சொல்லுங்கள். ணீ, டீ போன்றவற்றின் தலைக்கு மேல் வளையும் விசிறி மேல் வரியில் முட்டக்கூடாது.

ஒரு சிக்கல் இருக்கிறது. பல அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். கவிவாணர், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் அமைந்த எழுத்துரு. பாமினியில் அடித்ததை அதற்கு மாற்றினால் குப்பையாக வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், அல்லது யூனிகோடில் புதிதாக அடிக்க வேண்டும். பழைய மென்பொருளில் அதுவும் சிதறும். உங்கள் காட்டில் எப்படியும் வரப்போகிற 'திருகோணமலை'யைப் பாருங்கள். 'கோ'வின் கொம்பும் 'லை'யின் கொம்பும் எழுத்துக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் போயிருந்தால் அச்சுக்கு விடாதீர்கள்.

திரையில் பார்த்துச் சம்மதம் சொல்லவேண்டாம். உண்மையான அளவில், அதே மட்டையில் ஒன்று அடித்து வாங்கி, இரவு வீட்டு விளக்கில் மாமியிடம் கொடுங்கள். பெயரையும் நேரத்தையும் தடுமாறாமல் வாசித்தாரென்றால் மிச்சத்தை அடிக்கச் சொல்லலாம்.