காலையில் கோயிலா, காடா? டெல்டா சுற்றுலா கேள்வி பதில்

தஞ்சை, கும்பகோணம் என்று ஊர் சுற்றிவிட்டு அப்படியே மானும் பறவையும் பார்க்க நினைப்பவர்களின் கேள்விகள் இவை. பதில் சொல்பவர், மன்னார்குடியில் இருந்துகொண்டு பயணிகளை அழைத்துச் செல்பவர்.

சார், பொங்கலுக்கு நாலு நாள் லீவு. பெரிய கோயில், தாராசுரம், கோடியக்கரை மூன்றும் பார்க்கணும். தஞ்சாவூரிலேயே ரூம் போட்டுத் தினமும் போய் வரலாமா? (சென்னை)

வேண்டாம் சார். தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரை போகவே மூன்று மணி நேரம் பிடிக்கும். போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிடும், மான்கள் நிழல் தேடிப் போயிருக்கும். கோயிலிலும் இதே கதைதான். உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள், கருங்கல் தரையில் வெறுங்கால் வைக்க முடியாது. கோயில், காடு இரண்டுக்குமே காலையும் சாயங்காலமும்தான் நேரம். அதனால் ஒரே நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள். மத்தியானத்தைக் கார் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி ரயிலில் வந்து கும்பகோணத்தில் இறங்கினால் காலையிலேயே தாராசுரம் கோயில். மதியம் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள். கூரைக்குக் கீழே என்பதால் வெயில் தொந்தரவு இல்லை. சாயங்காலம் பெரிய கோயில். 1010-ல் முடிந்த விமானத்தின் மேல் மஞ்சள் வெயில் விழும்போது உள்ளே இருங்கள். மறுநாள் மதியத்துக்கு மேல் கிளம்பினால் மன்னார்குடி சாலையிலேயே வடுவூர் ஏரி வரும். பறவைகள் அடைய வரும் நேரம்வரை அங்கே நின்றுவிட்டு, இரவு வேதாரண்யத்தில் தங்குங்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் அது. மூன்றாம் நாள் முழுக்கக் கோடியக்கரை: விடியலில் வெளிமான், சாயங்காலம் சதுப்பு நிலத்தில் பூநாரை (ஃபிளமிங்கோ). நாலாம் நாள் காலை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் (மாங்குரோவ்) படகு, அப்புறம் ஊருக்கு.

மாட்டுப் பொங்கலன்று பெரிய கோயில் நந்திக்குக் காய்கனி அலங்காரம் நடக்கும். பார்க்க வேண்டியதுதான், ஆனால் கூட்டம் நெரியும். சிற்பத்தை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாளில் போகலாம்.

அண்ணா, பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. வரலாமா? (கோவை)

வரலாம், ஆனால் திட்டத்தை மாற்றிக்கொள்ளணும் தம்பி. வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை அதற்குள் போய்விடும். வடுவூர் ஏரி மேட்டூர்த் தண்ணீரை நம்பியது. வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் அதில் என்ன இருக்கப்போகிறது? ஏரிகளை விட்டுவிடுங்கள். வெளிமான் வருஷம் முழுக்கக் கோடியக்கரையிலேயே இருப்பது, அதற்காக வரலாம். ஒரு சாயங்காலத்தைத் தரங்கம்பாடிக்கு ஒதுக்குங்கள். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலை ஒட்டியே நிற்கிறது. காற்று வரும், பிள்ளைகளும் ஓடி விளையாடலாம்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வருபவர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தது வேதாரண்யம் பக்கம்தான்.

போன தடவை கோடியக்கரையில் குதிரைகளை மட்டும்தான் பார்த்தோம். வெளிமான் நிஜமாகவே இருக்கிறதா? (திருச்சி)

நிறையவே இருக்கிறது. நீங்கள் மரங்களுக்குள் தேடியிருப்பீர்கள். பெயரிலேயே இருக்கிறதே, அது வெளியில் மேயும் மான். திறந்த புல்வெளி ஓரமாக வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். கறுத்த உடம்பும் முறுக்குக் கொம்புமாக நிற்பது கிடா. பெட்டை வெளிர்பழுப்பு, காய்ந்த புல்லோடு கலந்துவிடும். வண்டியை விட்டு இறங்கினால் தாவி ஓடிவிடும். மட்டக்குதிரைகள் ஒரு காலத்தில் வளர்ப்புக் குதிரைகளாக இருந்து காட்டில் திரிய ஆரம்பித்தவை. போட்டோவுக்கு அழகுதான், ஆனால் மானுக்குரிய புல்லைத்தான் அவையும் மேய்கின்றன. போதாததற்குச் சீமைக்கருவேல் வேறு புல்வெளியை அடைத்துக்கொண்டே வருகிறது. குரங்குக்கு பிஸ்கட் போடும் வேலையெல்லாம் வேண்டாம்.

எங்களுக்கு யானையும் புலியும் பார்க்கணும். டெல்டாவில் எங்கே? (மயிலாடுதுறை)

எங்கேயும் இல்லை. உங்கள் ஊர் வழியாகவே மைசூர் ரயில் இருக்கிறது, ஏறிவிடுங்கள். நம்ம காவிரியை எதிர்த்துப் போகிற பயணம் அது. மைசூரில் ஞாயிறு மாலை இருக்கும்படி பாருங்கள், அரண்மனைக்கு விளக்குப் போடுவார்கள். செவ்வாய்க்கிழமை மிருகக்காட்சி சாலை கிடையாது. ரங்கன்திட்டில் காவிரிக்குள்ளேயே படகில் போய்ப் பறவையும் முதலையும் பார்க்கலாம். சஃபாரிக்கு பந்திப்பூர் அல்லது நாகரஹொளே. அங்கேயும் அதே கணக்குதான்: வண்டி காலையிலும் மாலையிலும்தான், ஆகவே ஒரு இரவாவது காட்டுப் பக்கமே தங்குங்கள். பணம் கட்டுவதற்கு முன் சஃபாரி நடக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கும் போவதென்றால், இரவு 9 முதல் காலை 6 வரை அந்தச் சாலை மூடியிருக்கும். புலி தெரிவது அதிர்ஷ்டம். யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

மனோராவில் கடல்பசு தெரியுமா? (பட்டுக்கோட்டை)

தெரியாது. பாக் விரிகுடாவில் 2022-ல் அதற்குப் பாதுகாப்பகம் அறிவித்தார்கள், அவ்வளவுதான். சரபோஜி கட்டிய கோபுரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஐயா, அம்மாவுக்கு முழங்கால் வலி. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப் போகலாமா? (கும்பகோணம்)

தாராளமாகக் கூட்டிப் போகலாம். அதிகம் நடக்க வேண்டியதில்லை. ஏறி இறங்கும்போது மட்டும் இரண்டு பேர் கைபிடிக்கணும். முதலில் வனத்துறை அனுமதியை வாங்கிவிட்டு, பிறகு ஜாம்புவானோடையில் படகு பேசுங்கள். கோரையாற்றில் இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டே லகூன் (காயல்) வரை போகலாம். உள்ளே கடை கிடையாது. தண்ணீர், தொப்பி, அம்மாவின் மாத்திரை எல்லாம் கையோடு இருக்கட்டும். கழிப்பறைக்குப் படகு ஏறுவதற்கு முன்பே போய்விடச் சொல்லுங்கள்.