வாசகர் கேள்வி – பதில்: தோட்டத்து அணைக்கு "குறைந்த அபாயம்" என்றால் என்ன?

கேள்வி: ஐயா, எங்கள் குடியிருப்புக்கு மேலே செம்பனைக் காட்டுக்குள் தோட்டக் கம்பெனி கட்டிய மண் அணை ஒன்று உண்டு. அடைமழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவதற்குத்தான் அது. 'குறைந்த அபாய வகை' என்று பதிந்திருக்கிறது, பயப்படாதீர்கள் என்கிறார் கிராணி (தோட்டத்து எழுத்தர்). ஆனால் கீழே இருந்த ரப்பர் காட்டை அழித்துத் தாமான் (வீடமைப்புப் பகுதி) கட்டிவிட்டார்கள். நம்பி இருக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கிராணி பொய் சொல்லவில்லை அம்மா, பாதியைச் சொல்லியிருக்கிறார். அபாய வகை என்பது கரையின் பலத்துக்குப் போடும் மார்க் கிடையாது. அணை உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும், அவ்வளவுதான் அதில் கணக்கு. அமெரிக்காவில் பிரிப்பதைப் பாருங்கள்: உயிர் போகாது, நஷ்டமும் பெரும்பாலும் அணைக்காரருக்கே என்றால் குறைந்த வகை, உயிர் போகாது, ஆனால் ஊருக்குப் பெரிய நஷ்டம் என்றால் நடுத்தரம், ஓர் உயிராவது போகக்கூடும் என்றால் உயர் வகை. ஆகவே நேற்றுக் கட்டிய உறுதியான அணையும் உயர் வகையில் வரலாம், விரிசல் விட்ட கரை காட்டுக்குள் கிடந்தால் குறைந்த வகையிலேயே இருக்கலாம். உங்கள் அணைக்குக் கீழே ரப்பர் மரம் நின்ற காலத்தில் போட்ட வகை அது. வீடு வந்த அன்றே, கரையில் ஒரு கூடை மண்கூட நகராமல், கணக்கு மாறிவிட்டது. யாராவது திருத்தினார்களா என்பதுதான் கேள்வி.

ஹவாயில் கா லோகோ என்றொரு மண் அணை. 1890-இல் கரும்புத் தோட்டத்துக்காகக் கட்டியது, பிற்பாடு தனியார் கைக்குப் போனது. அதுவும் குறைந்த அபாய வகைதான். 2006 மார்ச் 14, பல நாள் மழைக்குப் பிறகு விடியுமுன் உடைந்து 7 பேரை அடித்துக்கொண்டு போனது. உபரிநீர் வெளியேறும் வழியை மண் போட்டு மூடியிருக்கலாம், அதனால் தண்ணீர் கரைமேல் ஏறியிருக்கலாம் என்றது விசாரணை.

வெள்ள அணையில் இன்னொரு தொல்லை, வருஷத்தில் பாதி நாள் அது காலியாகவே கிடக்கும். கசிவு இருந்தாலும் தெரியாது, நிரம்பிய அன்றுதான் வெளியே வரும். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, மழை ஓய்ந்த மறுநாள் கரையின் அடிவாரத்தைப் பகலில் பார்க்கச் சொல்லுங்கள். தெளிந்த நீர் கொஞ்சமாக, ஒரே அளவில் கசிந்தால் எழுதி வைத்துக் கண்காணிக்கலாம். கலங்கிய நீர் வந்தால், கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். அப்போது நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, கீழே உள்ளவர்களை மேட்டுக்கு அனுப்பிவிட்டு 999-க்கு அடிக்க வேண்டும். அப்புறம், உபரிநீர் வழியில் மண் மூட்டை அடுக்கி மீன் பிடிக்கும் புண்ணியவான்கள் நம் தோட்டங்களிலும் உண்டு, அதையும் ஒரு கண் பாருங்கள்.

தாமான்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கம்பெனிக்கும் மாவட்ட நீர்ப்பாசன வடிகால் துறைக்கும் (நம் ஜேபிஎஸ்தான்) மலாயில் ஒரு கடிதம் எழுதுங்கள். வகையைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள், உடைந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்ற வரைபடம் இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு யார் யாரை எழுப்புவது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள்.

கேள்வி: அணைக்கரையில் மரம் நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளாதா?
– வாசகர், பீடோர்

பதில்: மரம் உயிரோடு இருக்கும்வரை பிடிக்கும். பட்டுப்போய் வேர் மக்கியதும் அந்த இடம் பொந்தாகி, தண்ணீர் அதன் வழியே புகும். புயலில் வேரோடு சாய்ந்தால் கரையில் பாதியைப் பெயர்த்துக்கொண்டு போகும். புல் போதும், மாதாமாதம் வெட்டுங்கள்.